பாட்டு மட்டும் வரவில்லை: பெங்களூருவும் ரஷ்யக் குழந்தை இசையும்

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் உருவாக்கப்பட்ட ஆரியபட்டா செயற்கைக்கோள், 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ஒன்றியத்தின் கபூஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து விண்ணேறியது. இந்நகரத்துக்கும் ரஷ்யாவுக்கும் உள்ள உறவைப் பேசுவோர் பெரும்பாலும் இந்நிகழ்விலிருந்தே தொடங்குவர். அடுத்ததாக, கனகபுரா சாலையை ஒட்டிய தாதகுனி தோட்டத்தில் வாழ்ந்த ஓவியர் ஸ்வெத்தோஸ்லாவ் ரோரிக்கையும் அவர் மனைவி தேவிகா ராணியையும் நினைவுகூர்வர். அறிவியலும் ஓவியமும் இடம்பெறும் இந்த வரலாற்றில் கணக்கில் வராத மற்றொரு வரவும் உண்டு. ரஷ்யக் குழந்தைகளுக்காக ஆக்கப்பட்ட கலை இந்நகரத்துக்கு மூன்று வழிகளில் வந்திருக்கிறது: முதலில் நூலாக, அடுத்துப் பியானோத் தேர்வுப் பாடமாக, இப்போது கைப்பேசித் திரையில் அசைபடமாக. இம்மூன்றிலும் வராதது ஒன்றுதான்: பாட்டு.

சொல்லும் மெட்டும் சேர்ந்து குழந்தையின் வாயில் நிற்பதே பாட்டு. நூலில் சொல் வந்தது, மெட்டு வரவில்லை. பியானோவில் மெட்டு வந்தது, சொல் வரவில்லை. திரையில் இரண்டும் வந்தன. ஆயினும் பாடும் குழந்தை பார்க்கும் குழந்தையாக மாறியிருந்தது. இக்குறைக்கு ரஷ்ய மொழியின் கடினத்தைக் காரணமாகக் கூறிவிட இயலாது. குழந்தைப் பாட்டை மொழிபெயர்ப்பதும் மெட்டமைப்பதும் தேர்ந்த புலமையாளரின் பணி என்று இங்குள்ள தமிழுலகம் கருதவில்லை என்பதே காரணம். ரஷ்யாவின் குழந்தை இசை வரலாற்றிலிருந்து பெறத் தக்க பாடமும் அதுவே. அவர்களுடைய பாடல்களை இறக்குமதி செய்வதைவிட, அப்பாடல்களின் பின்னால் இருந்த உழைப்பை அறிந்துகொள்வது பயன் தரும்.

முதல் வழியை நடுத்தர வயதைக் கடந்தோர் நன்கறிவர். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982-இல் அதிலிருந்து பிரிந்து உருவான ராதுகா பதிப்பகமும் இந்திய மொழிகள் பலவற்றில் குழந்தை நூல்களை அச்சிட்டு அனுப்பின. தமிழகத்தில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம், பெங்களூருவில் நவகர்நாடக பதிப்பகம் ஆகியவற்றின் கடைகளில் அவை மலிவான விலைக்குக் கிடைத்தன. தாளின் தரமும் ஓவியங்களின் அழகும் அன்றைய இந்தியக் குழந்தை நூல்களில் காணக் கிடைக்காதவை. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பால் ரஷ்ய இலக்கியம் தமிழில் ஒரு வீட்டுப் பொருளாகவே ஆயிற்று. அர்க்காதி கைதார், நிக்கலாய் நோசவ் ஆகியோரின் கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று தமிழிலும் கன்னடத்திலும் உண்டு.

ஆயினும் அத்தலைமுறையினரிடம் ரஷ்யக் குழந்தைக் கதை ஒன்றைச் சொல்லுமாறு கேட்டால் சொல்வர். ரஷ்யக் குழந்தைப் பாட்டு ஒன்றைப் பாடுமாறு கேட்டால் பெரும்பாலோர் மௌனமாகிவிடுவர். ரஷ்யக் குழந்தை இலக்கியத்தின் உயிர்நிலையோ செய்யுளில்தான் இருந்தது. கர்னேய் சுக்கோவ்ஸ்கியும் சமுயீல் மர்ஷாக்கும் அக்னியா பார்த்தோவும் எழுதியவை முதன்மையாக வாய்விட்டுச் சொல்லப்படும் செய்யுள்கள். எழுத்தறியாக் குழந்தையும் இரண்டு முறை கேட்டபின் திருப்பிச் சொல்லத் தக்க வகையில் கட்டப்பட்டவை. அவற்றின் சுவை கதையில் பாதி என்றால் தாளத்தில் பாதி. படத்தையும் கதையையும் மட்டும் பெற்றுக்கொண்ட வாசகருக்கு அப்பாதி கிட்டவில்லை.

சுக்கோவ்ஸ்கியின் 'இரண்டு முதல் ஐந்து வரை' என்னும் நூல் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. குழந்தைகள் பேசுவதைப் பல்லாண்டுகள் குறித்து வைத்துக்கொண்டு, அந்த வயதில் குழந்தை மொழியைப் பின்பற்றுவதோடு நில்லாமல் படைக்கவும் செய்கிறது என்று நிறுவிய நூல் அது. நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் 1928-இல் கூறியதாகச் சொல்லப்படும் நான்கு வரிகளைச் சுக்கோவ்ஸ்கி அந்நூலில் பதிவு செய்தார். என்றும் என்னும் சொல்லின் பொருளைப் புதிதாக அறிந்துகொண்ட மகிழ்ச்சியில் அச்சிறுவன் அடுக்கிய வரிகள் அவை. ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1962-இல், லேவ் ஒஷானின் அவ்வரிகளைப் பல்லவியாகக் கொண்டு பாடல் எழுத, அர்க்காதி அஸ்திரோவ்ஸ்கி இசையமைத்தார். 'என்றும் சூரியன் இருக்கட்டும்' என்ற அப்பாடலைத் தமாரா மியான்சாரவா 1963-இல் போலந்தின் சோபோத் விழாவில் பாடிப் பரிசு பெற்றார். ஒரு குழந்தையின் வாய்ச்சொல்லை ஓர் அறிஞர் பதிவு செய்கிறார்; கவிஞர் அதைப் பாட்டாக விரிக்கிறார்; இசையமைப்பாளர் மெட்டுத் தருகிறார்; உலகம் பாடுகிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி ஆய்வாளருடையது என்பதை ஆய்வுலகினர் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் வழி இன்றும் திறந்திருக்கிறது. அருணா சுந்தர்லால் 1987-இல் நிறுவிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் முதலாக, நகரெங்கும் பரவியுள்ள தனிப் பயிற்சி மையங்கள் வரை, மேலை இசை பயிலும் பிள்ளைகள் பலர் லண்டன் டிரினிட்டி கல்லூரி, ஏபிஆர்எஸ்எம் ஆகியவற்றின் தேர்வுகளை எழுதுகின்றனர். தொடக்க நிலைப் பியானோத் தேர்வுகளுக்கான நூல்களில் அடிக்கடி தென்படும் பெயர்களுள் திமீத்ரி கபலேவ்ஸ்கி ஒன்று. சாய்கோவ்ஸ்கி 1878-இல் இயற்றிய 'குழந்தைகள் தொகுப்பு' என்னும் 24 சிறு பியானோத் துண்டுகளும் அவ்வாறே உலகெங்கும் பயிலப்படுகின்றன. ஆக, இந்திராநகரிலோ ஜெயநகரிலோ வாழும் பத்து வயதுக் குழந்தை தன்னையறியாமலே ரஷ்யக் குழந்தை இசைக்குள் நுழைந்துவிடுகிறது. நுழைவுச் சீட்டு லண்டனிலிருந்து வருகிறது என்பதுதான் வேடிக்கை.

அந்நுழைவில் தவறிப்போவது யாதெனக் கபலேவ்ஸ்கியின் கல்விக் கொள்கையே காட்டும். இசைக் கல்வி மூன்று திமிங்கிலங்களின் மீது நிற்கிறது என்பார் அவர். பழைய கதைகளில் உலகைத் தாங்கும் மூன்று திமிங்கிலங்களைப் போல. அவை பாட்டு, நடனம், அணிநடை. குழந்தை முன்னரே அறிந்த இம்மூன்றின் வழியாகவே சிம்பொனி வரை அதனை அழைத்துச் செல்லலாம் என்பது அவர் துணிபு. 1970-களில், புகழின் உச்சியிலிருந்த காலத்தில், மாஸ்கோவில் ஒரு சாதாரணப் பள்ளிக்குச் சென்று சிறு பிள்ளைகளுக்குத் தாமே பாடம் நடத்தினார். இசைக்கலைஞர் ஆவோருக்கான பயிற்சியாக அன்றி, எல்லாக் குழந்தைகளுக்குமான பொதுக் கல்வியாகவே அவர் அதை வகுத்தார். அத்தகையவரின் இசைத் துண்டு பெங்களூருவில் மதிப்பெண்ணுக்கும் சான்றிதழுக்கும் உரிய பாடமாக வந்து சேர்கிறது. அதைப் பிழையின்றி வாசிக்கும் குழந்தை, அதன் அடியிலுள்ள முதல் திமிங்கிலமாகிய பாட்டைத் தன் மொழியில் அறிந்திருக்க வேண்டிய தேவை தேர்வில் எழுவதே இல்லை. ஆசிரியர்களையோ பெற்றோரையோ இதற்காகக் குறை கூறுவது முறையன்று. தேர்வு முறை எதைக் கேட்கிறதோ அதையே அவர்கள் தருகின்றனர்.

மூன்றாம் வழி எல்லா வீடுகளிலும் ஒலிக்கிறது. மாஸ்கோவின் அனிமாக்கார்ட் கூடம் 2009 முதல் வெளியிட்டு வரும் 'மாஷாவும் கரடியும்' தொடரின் ஓர் அத்தியாயம் மட்டும் யூடியூபில் 400 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டிருக்கிறது. அத்தொடரில் கரடி பேசுவதில்லை. சைகையாலும் உறுமலாலும் கருத்துணர்த்துகிறது. மாஷா பேசுவாள்; ஆனால் அவள் சொல் விளங்காவிட்டாலும் கதை விளங்கும். எல்லை கடப்பதற்கு இது மிகச் சிறந்த உத்தி. மொழி குறையக் குறையச் சந்தை விரிகிறது. அதைப் பார்த்துச் சிரிக்கும் பெங்களூருக் குழந்தை சிரிப்பைப் பெறுகிறது. பாடுவதற்குத் தன் மொழியில் எதையும் பெறுவதில்லை. அசைபடத்தின் மீது இதனால் பழி சுமத்த வேண்டியதில்லை. சிறந்த நகைச்சுவையும் நுட்பமான இசையமைப்பும் கொண்ட தொடர் அது. அதனால் ஆகக்கூடியதும் ஆகாததும் எவை என்று பிரித்தறிவதே இங்கு நோக்கம்.

ரஷ்யக் குழந்தைப் பாட்டின் பின்னால் இருந்த உழைப்பு எத்தகையது என்பதற்கு மர்ஷாக் சிறந்த சான்று. ஆங்கிலக் குழந்தைப் பாடல்களை அவர் 1920-களிலேயே ரஷ்ய மொழியில் ஆக்கித் தந்தார். சுவரின் மேலிருந்து விழுந்துடையும் முட்டை மனிதன் ரஷ்யாவில் ஷல்தாய்-பல்தாய் என்ற பெயர் பெற்றான். ஜாக் கட்டிய வீடு அங்கு வேறு தாளத்தில் கட்டப்பட்டது. மூலத்தை நிழல்போல் தொடராமல், ரஷ்யக் குழந்தையின் நாவுக்கு ஏற்ற ஒலியைத் தேடி அவர் எழுதியதால், அப்பாடல்களை ரஷ்யர்கள் தங்களுடையவை என்றே எண்ணி வளர்ந்தனர். ஆலன் மில்னின் கரடிக் குட்டியைப் பாரீஸ் ஸஹதேர் 'வின்னி-பூஹ்' ஆக்கியதும், பினாக்கியோவை அலெக்ஸேய் தல்ஸ்தோய் 1936-இல் 'புராத்தீனோ' ஆக்கியதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

அதே ஆங்கிலப் பாடல்கள் பெங்களூருவின் மழலையர் பள்ளிகளில் எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவை ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்யப்படுகின்றன. அச்சொற்கள் குறிக்கும் பொருள்களுள் பல குழந்தையின் கண்ணுக்குப் புலப்படாதவை. 2024 மார்ச்சில் தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்து மக்கள் குடங்களோடு காத்திருந்த இந்நகரத்தில், மழையைப் போகச் சொல்லும் பாட்டு மழலையர் பாடத்தில் தொடர்ந்து இருக்கிறது. மழை ஓயாத் தீவில் பிறந்த பாட்டு அது. அங்கே அதற்குப் பொருளுண்டு. மர்ஷாக்கின் கையில் கிடைத்திருந்தால் மழை வேறொன்றாக மாறியிருக்கும். மாற்றும் துணிவு இங்கே ஏன் எழவில்லை என்பதே கேள்வி.

எழவே இல்லை என்று கூறினாலும் பிழையாகும். கன்னடத்தில் குவெம்பு அதைச் செய்து காட்டினார். இராபர்ட் பிரௌனிங்கின் குழலூதி ஆங்கிலத்தில் ஜெர்மானிய ஊராகிய ஹாமெலினில் வாழ்ந்தவன். குவெம்புவின் கையில் ஹாமெலின் பொம்மனஹள்ளி ஆயிற்று; அவ்வூரை ஒட்டி ஓடிய ஆறு துங்கை ஆயிற்று; குழலூதி கிந்தரி ஜோகி ஆனான். இன்றும் கர்நாடகக் குழந்தைகள் அதை நாடகமாக ஆடுகின்றனர். அது மொழிபெயர்ப்பு என்பது பலருக்கு நினைவில்லை. ஜி. பி. ராஜரத்னம் மழலையர் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, அக்குழந்தைகளுக்காகவே 'துத்தூரி' தொகுப்பை எழுதினார். தமிழில் பாரதியின் 'பாப்பா பாட்டு' தொடங்கி, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, 'மலரும் உள்ளம்' தந்த அழ. வள்ளியப்பா என ஒரு மரபு உண்டு. கவிமணி 'ஆசிய ஜோதி'யைத் தமிழ்ப்படுத்திய அதே கையால் குழந்தைப் பாடல்களையும் எழுதினார். வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே ஆயிரக்கணக்கான குழந்தைப் பாடல்களை எழுதி, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் உருவாக்கினார். ஆகவே ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. அம்மரபு அடுத்த தலைமுறையின் பெருங்கவிஞர்களிடமும் இசையமைப்பாளர்களிடமும் கைமாறவில்லை என்பதே குறை.

ரஷ்யாவில் கைமாறியது. பிரகோஃபியெவ் புகழ் வாய்ந்த நிலையில் 1936-இல் 'பேத்யாவும் ஓநாயும்' என்னும் இசைக் கதையைக் குழந்தைகளுக்காக எழுதினார். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று கொம்புகள், சிறுவனுக்கு நரம்பிசைக் கருவிகள் என்று வகுத்து, இசைக்குழுவின் கருவிகளைக் கதை வழியே அறிமுகப்படுத்தினார். வயிற்றுப்பாட்டுக்காக அன்றிக் குழந்தையின் செவியை மதித்து எழுதியதனால் அது இன்றும் நிலைத்திருக்கிறது. 'வின்னி-பூஹ்' அசைபடங்களுக்கு 1969 முதல் இசை தந்த மீசிஸ்லாவ் வைன்பெர்க், இருபதுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை இயற்றியவர். நாஜிகள் போலந்தைத் தாக்கியபோது வார்சாவை விட்டுத் தப்பி ஓடி, பெற்றோரையும் தங்கையையும் வதைமுகாமில் பறிகொடுத்தவர். அத்தகைய ஒருவர் தேனைத் தேடி மரமேறும் கரடிக்கு மெட்டமைப்பதைத் தம் தகுதிக்குக் குறைவானதாகக் கருதவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. சோவியத் குழந்தைக் கலையைப் பொற்காலமாக வருணிக்கும் ஏக்கம் இந்திய இடதுசாரி நினைவுகளில் உண்டு. வரலாறு அவ்வளவு இனிப்பானதன்று. சுக்கோவ்ஸ்கியின் 'முதலை'யை லெனினின் மனைவி க்ரூப்ஸ்கயா 1928-இல் பிராவ்தா இதழில் கடுமையாகத் தாக்கினார். பிரகோஃபியெவிடம் அவ்விசைக் கதையை எழுதச் சொன்னவர் மாஸ்கோ மையக் குழந்தைகள் நாடகக் குழுவை நடத்திய நத்தாலியா சாத்ஸ். அதன் முதல் நிகழ்ச்சி நடந்த மறு ஆண்டே, 1937-இல், அவர் கைது செய்யப்பட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கான விந்தைச் செய்யுள்களை எழுதிய தனியீல் கார்ம்ஸ், 1942-இல் முற்றுகைக்குள்ளான லெனின்கிராதில் சிறை மருத்துவமனையில் இறந்தார். வைன்பெர்க்கும் 1953-இல் கைதாகி, ஸ்டாலின் இறந்தபின் விடுதலையானவர். குழந்தைப் பாட்டு அங்கே மதிக்கப்பட்டது. அம்மதிப்பே அதைக் கண்காணிப்புக்கும் உட்படுத்தியது. இளம் முன்னோடிகளின் அணிநடைப் பாடல்களில் அரசின் குரலே மிகுதி. ஆயினும் சாத்ஸ் முகாமிலிருந்து மீண்டு, 1965-இல் மாஸ்கோவில் குழந்தைகளுக்கெனவே ஓர் இசை நாடக அரங்கைத் தோற்றுவித்தார். அரசு ஆணையைக் கொண்டு மட்டும் இத்தகைய விடாப்பிடியை விளக்கிவிட இயலாது.

இதிலிருந்து எழும் முதல் மறுப்பு, அது அரசு பொருளுதவி செய்த அமைப்பு, இங்கு அது இயலாது என்பதாகும். இம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. வானொலியும் பதிப்பகமும் அசைபடக் கூடமும் அரசின் கையில் இருந்தமையால் பாட்டு ஒரே நாளில் நாடெங்கும் சென்றது. ஆனால் பாட்டைப் படைத்தவை அவ்வமைப்புகள் அல்ல. ரஷ்யக் குழந்தைகள் இன்றும் புத்தாண்டுக்குப் பாடும் காட்டு ஊசியிலை மரப் பாட்டு, புரட்சிக்கு முன்னரே பிறந்தது. ரயீசா குதாஷேவா 1903-இல் தம் முழுப் பெயரை வெளியிடாமல் ஓர் இதழில் வெளியிட்ட செய்யுள் அது. லியனீத் பெக்மன் 1905-இல் தம் சிறு மகளுக்காக அதற்கு மெட்டமைத்தார். பெக்மன் தொழில்முறை இசைக்கலைஞர் அல்லர். இயற்கை அறிவியல் பயின்றவர். மெட்டை இசைக்குறிப்பாக எழுதியவர் பியானோக் கலைஞரான அவர் மனைவி. அறிவியலாளர்கள் நிறைந்த பெங்களூருவுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா? வள்ளியப்பாவுக்கும் ராஜரத்னத்துக்கும் இங்கே அமைச்சகம் எதுவும் ஆணையிடவில்லை.

இரண்டாம் மறுப்பு, மொழிபெயர்த்தால் தாளம் கெடும் என்பது. ரஷ்ய யாப்பு அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் யாப்பு நேர், நிரை என்னும் அசைகளைக் கொண்டது. ஒன்றை மற்றொன்றில் அப்படியே பெயர்க்க இயலாது என்பது மெய். ஆனால் பெயர்க்க வேண்டியது அசையை அன்று, ஆட்டத்தை. சுக்கோவ்ஸ்கியின் செய்யுளில் அடிகள் துள்ளி ஓடித் திடீரென நிற்கும் இடங்கள் உண்டு. தமிழில் அத்துள்ளலுக்குச் சிந்து இருக்கிறது, சுழலுக்குக் கும்மி இருக்கிறது, அசைவுக்குத் தாலாட்டு இருக்கிறது. ரஷ்ய இயைபு அடியின் கடைசியில் விழும்; தமிழ்ச் செவி அடியின் முதலில் எதுகையை எதிர்பார்க்கும். தேர்ந்த கை இரண்டையும் சேர்த்துத் தர இயலும். குழந்தைப் பாட்டின் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பியல் பயிலும் மாணவர்க்கு மிகக் கடுமையான பயிற்சி என்பதே உண்மை. அதை எளிய வேலை என்று ஒதுக்குவோர் ஒருமுறை எட்டு அடிகளை முயன்று பார்க்கலாம்.

மூன்றாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. சென்னையின் சூசூ டிவியும் பெங்களூருவின் இன்ஃபோபெல்ஸ் நிறுவனமும் இந்திய மொழிகளில் குழந்தைப் பாடல்களை அசைபடமாக்கிக் கோடிக்கணக்கானோரிடம் சேர்த்திருக்க, குறை எங்கே என்பது அம்மறுப்பு. இந்நிறுவனங்களின் பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. தமிழிலும் கன்னடத்திலும் குழந்தைப் பாட்டு திரையில் ஒலிப்பதே ஒரு பேறு. எனினும் திரையின் கணக்கு வேறு. பார்வை நேரத்தால் வாழும் தளத்தில் பாட்டுக்குத் தேவை தொடர்ச்சியும் நிறமும் வேகமும். வகுப்பிலோ வீட்டிலோ பாடப்படும் பாட்டுக்குத் தேவை இடைவெளி. பாடுபவர் நிறுத்துவார், குழந்தை நிரப்பும், தவறாக நிரப்பினால் எல்லாரும் சிரிப்பர், அத்தவறே அடுத்த முறை புதிய பாட்டாகும். சுக்கோவ்ஸ்கி குறித்து வைத்தவை அத்தகைய கணங்களே. திரைக்குள் ஓடும் பாட்டு குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை.

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குழந்தைக்கு இக்கேள்வி மேலும் நெருக்கமானது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், நண்பர் வட்டத்தில் இந்தி, வீட்டில் தமிழ் என்று அதன் நாள் பங்கிடப்பட்டிருக்கிறது. பல மொழிகள் புழங்கும் ஊரில் வளர்வது இழப்பன்று, பெருஞ்செல்வம். ஆனால் வீட்டுத் தமிழ் எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சாப்பிடு, குளி, எழுந்திரு, படி, தூங்கு. ஏவல் வினைகளே மிகுதி. விளையாட்டுக்கும் வேடிக்கைக்கும் கனவுக்கும் ஆங்கிலம் வந்துவிட்டால், தாய்மொழி ஏவும் மொழியாக மட்டும் சுருங்கும். ஏவும் மொழியின்மேல் எந்தக் குழந்தைக்கும் ஆசை பிறக்காது. பாட்டின் தேவை இங்கேதான் எழுகிறது. பொருளற்ற சொற்களை அடுக்கிச் சிரிக்கும் உரிமை குழந்தைக்கு எந்த மொழியில் கிடைக்கிறதோ, அம்மொழியே அதன் மொழியாகும். பாட்டிமார் அறிந்திருந்த நிலாப் பாட்டும் சாய்ந்தாட்டுப் பாட்டும் அவ்வுரிமையைத் தந்தன. அப்பாட்டிமார் வாழும் ஊரும் பேரக் குழந்தைகள் வளரும் அடுக்ககமும் இன்று வெகுதூரம் விலகியிருக்கின்றன.

ஆய்வுலகம் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. குழந்தைப் பாடல் குறித்த தமிழ் ஆய்வேடுகள் பெரும்பாலும் பாடலை அச்சிட்ட பனுவலாகக் கொண்டு, அதன் அறக்கருத்து, அணி, யாப்பு ஆகியவற்றை வகைப்படுத்துகின்றன. மெட்டும் ஆட்டமும் கைத்தட்டும் ஆய்வுப் பொருளாக வேண்டும். பெங்களூருவின் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் வழங்கும் தாலாட்டுகளையும் விளையாட்டுப் பாடல்களையும், அவற்றில் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்துள்ள நிலையில், உள்ளபடியே ஒலிப்பதிவு செய்யலாம். கலப்பைக் களைந்து தூய்மைப்படுத்தும் ஆவலை அடக்கிக்கொண்டால், இந்நகரத்தின் மொழி வரலாறே அதில் கிடைக்கும். ரஷ்ய மொழி அறிந்தோரும் தமிழ் யாப்பு அறிந்தோரும் அருகருகே அமர்ந்து மர்ஷாக்கின் சில பாடல்களையாவது பாடத் தக்க தமிழில் ஆக்கலாம். குவெம்புவின் கிந்தரி ஜோகியும் ராஜரத்னத்தின் பாடல்களும் தமிழிலும், வள்ளியப்பாவின் பாடல்கள் கன்னடத்திலும் பாட்டாகவே பெயர்க்கப்பட்டால், அண்டை வீட்டுக் குழந்தைகள் ஒரே மெட்டை இரு மொழிகளில் பாடுவர். அரசியல் மேடைகள் காவிரியையும் சிலைகளையும் குறித்துப் பேசிப் பேசி ஆக்கிய இடைவெளியைக் குறைக்க இதுவும் ஒரு வழி.

அதற்கான களமும் நகரத்தில் இல்லாமல் இல்லை. பிரேமா காரந்த் வளர்த்த பெனக மக்கள நாடகக் குழுவும், ஜே.பி. நகரில் ரங்க சங்கரா அரங்கு நடத்திவரும் குழந்தைகளுக்கான நாடக முயற்சிகளும் கன்னடக் குழந்தை அரங்குக்கு வலுவான அடித்தளம் இட்டிருக்கின்றன. பி. வி. காரந்தைப் போன்ற பெருங்கலைஞர் குழந்தைகளின் நாடகத்துக்கு மெட்டமைத்த ஊர் இது. அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றமும் இலக்கிய விழாவும் நடைபெறும் மேடை குழந்தைகளின் பாட்டுக்கும் போதுமானது. ஆனால் போட்டியாக அன்று. பரிசும் மதிப்பெண்ணும் நுழைந்துவிட்டால் கபலேவ்ஸ்கிக்கு நேர்ந்ததே வள்ளியப்பாவுக்கும் நேரும்.

ரஷ்யக் குழந்தைப் பாட்டின் வரலாறு ஒரு நாட்டின் பெருமைக் கதையாகப் படிக்கப்பட வேண்டியதில்லை. அந்நாட்டு அரசு செய்த கொடுமைகளையும் இன்று செய்து வருபவற்றையும் அது மறைத்துவிடாது. அவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. சிம்பொனி எழுதியவரும் சிறந்த கவிஞரும் இயற்கை அறிவியல் கற்றவரும் முகாமிலிருந்து மீண்டவரும் நான்கு வயதுக் குழந்தையைத் தம் தலையாய செவியராக மதித்தனர். தமிழில் கவிதை எழுதுவோரும் இசையமைப்போரும் மொழிபெயர்ப்போரும், பெங்களூருவில் இருந்தாலும் வேறெங்கிருந்தாலும், தம் வாழ்நாளில் ஒரே ஒரு குழந்தைப் பாட்டையாவது தம் முழு ஆற்றலையும் செலவிட்டு ஆக்குவார்களாயின், அடுத்த தலைமுறைக்குத் தமிழில் பாடுவதற்கு ஏதேனும் இருக்கும். அப்பாட்டின் முதல் பதிவை எழுதப் போகும் ஆய்வாளர் யார் என்பதே இப்போது விடை வேண்டி நிற்கும் கேள்வி.